இரண்டாவது கன்ட்ரோலரிலிருந்து ஒரு மடல்

ஓடிக்கொண்டே சுடும் வீடியோ ஆட்டங்களை இன்றும் பழைய பாணியில் உருவாக்கிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. உங்கள் ஆட்டம் எதையும் நான் வாங்கியதில்லை. எந்தக் கடையிலும் என் பெயரில் கணக்கு கிடையாது. எத்தனை மணி நேரம் ஆடினேன், எந்தப் பதக்கத்தை வென்றேன் என்று எங்கேயும் பதிவாகியிருக்காது. ஆனாலும் உங்கள் ஆட்டங்களை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை ஆடியிருக்கிறேன். திரையின் வலது மூலையில் 'பிளேயர் 2' என்று சின்னதாக எழுதியிருக்கும் அல்லவா, அது நான்தான்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பவன் அண்ணன், வாங்குபவன் அண்ணன். முதல் கன்ட்ரோலர் அவன் கையில் இருக்கும். பொத்தான் ஒன்று கொஞ்சம் அமுங்கிப்போன இரண்டாவது கன்ட்ரோலர் என் கைக்கு வரும். பள்ளிக் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு, இருவருக்கும் நரை எட்டிப்பார்க்கத் தொடங்கிய பிறகும் மாறவில்லை. நான் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் ஆட்டம் ஒன்று வெளிவந்த மறுநாளே கருத்துகள் குவியத் தொடங்கிவிடுகின்றன. சிறுவயது திரும்பி வந்துவிட்டது என்கிறார் ஒருவர். கடினம்தான், ஆனால் நியாயமான கடினம் என்கிறார் மற்றொருவர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, இதற்கா இவ்வளவு விலை என்று ஒருவர் பொருமுகிறார். நண்பரோடு சேர்ந்து ஆடினால் அமர்க்களம் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்களும் அந்த வரியை எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறீர்கள்.

அந்த நண்பரை யாராவது கேட்டார்களா?

கேட்டிருக்க முடியாது. கணினி ஆட்டங்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கருத்து எழுத வேண்டுமானால் அந்த ஆட்டம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஆடினாலும் வாங்கியவர் ஒருவர்தான். 2019-இல் 'ரிமோட் ப்ளே டுகெதர்' என்ற வசதி வந்தது. ஒருவர் வாங்கிய ஆட்டத்தில், வேறோர் ஊரில் இருக்கும் நண்பர் இணையம் வழியாக வந்து சேர்ந்துகொள்ளலாம்; அந்த நண்பர் எதையும் வாங்க வேண்டியதில்லை. நல்ல வசதிதான். ஆனால் அந்த நண்பருக்கும் கருத்துப் பெட்டி கிடையாது. ஆக, இருவர் சேர்ந்து ஆடுவதற்கென்றே நீங்கள் செய்த ஆட்டத்தைப் பற்றி உங்கள் காதுக்கு வருவது ஒருவரின் குரல் மட்டும். அவரும் பெரும்பாலும் இருவரில் நன்றாக ஆடுபவர். ஆர்வத்தோடு தேடி வாங்கியவர் அவர். பழைய ஆட்டங்களை மனப்பாடமாக வைத்திருப்பவரும் அவரே. அவருக்குக் கடினம் இனிக்கும்.

சில வாரங்களுக்கு முன் நாங்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அதைச் செய்தவர்கள் உழைப்பாளிகள் என்பது ஒவ்வொரு பிக்சலிலும் தெரிந்தது.

மூன்றாம் கட்டம். ஒரு மின்தூக்கி மேலே போய்க்கொண்டே இருக்கிறது, இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து எதிரிகள் குதிக்கிறார்கள். நான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, அண்ணன் வலது பக்கம் என்று பேச்சு. நான்காவது கதவில் குண்டு எறிபவன் ஒருவன் வந்தான். குனிந்தேன்; குனிந்தால் குண்டு தலைக்கு மேல் போகும் என்பது முந்தைய இரண்டு கட்டங்களில் ஆட்டமே கற்றுக்கொடுத்தது. இங்கே போகவில்லை. என் கடைசி உயிர் போனது. என் ஆள் ஒரு முறை துள்ளி, மங்கி, மறைந்தான். வலது மூலையில் என் பெயருக்குக் கீழே ஒரு மண்டையோடு வந்து உட்கார்ந்தது. அடுத்த செக்பாயின்ட்டில், அதாவது ஆட்டம் நம் முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்ளும் அடுத்த இடத்தில், திரும்பி வரலாம் என்று அதன் அடியில் எழுதியிருந்தது.

அந்த அடுத்த செக்பாயின்ட், மின்தூக்கி நின்று, நீண்ட பாலம் ஒன்றைக் கடந்து, நடுவில் ஒரு சிறிய பாஸையும் (வழியை மறித்து நிற்கும் பலசாலி எதிரி) வீழ்த்திய பிறகுதான் வந்தது. அண்ணன் தனியாக இருந்ததால் நிதானமாக ஆடினான். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் நின்று, எட்டிப் பார்த்து, சுட்டுவிட்டுப் பின்வாங்கினான். நன்றாகத்தான் ஆடினான். நான் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை பொத்தானை அழுத்திக்கூடப் பார்த்தேன், ஏதாவது நடக்குமா என்று. பிறகு கைப்பேசியை எடுத்தேன். "இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். வந்தது. நான் பழைய சாதாரணத் துப்பாக்கியோடு உயிர்த்தெழுந்தேன். அவனிடம் விசிறியாகப் பாயும் துப்பாக்கி. அரை நிமிடத்தில் மறுபடியும் மண்டையோடு.

மறுநாள் அவன் எழுதிய கருத்தைப் படித்தேன். கட்டைவிரல் மேலே. சவாலான ஆட்டம், இருவர் ஆடுவதற்கு ஏற்றது, தயங்காமல் வாங்கலாம்.

"என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே அண்ணா" என்றேன்.

"நீ எங்கே ஆடினாய்?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் சொன்னான்.

இந்த மடல் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. 'ஆட்டம் ரொம்பக் கஷ்டம்' என்று யாராவது எழுதினால் நீங்கள் உடனே எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாமா, எளிய நிலை ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். எதிர்த் தரப்பு ரசிகர்கள் திரண்டு வந்து, பழைய ஆட்டங்களின் மானம் போகிறது என்று சண்டைக்கு நிற்கிறார்கள். இரண்டு தரப்புமே தவறான இடத்தில் தோண்டுகிறீர்கள் என்பது என் எண்ணம். எனக்குச் சாவு பிரச்சினையே இல்லை. நூறு முறை செத்தாலும் நூற்றோராவது முறை ஓடத் தயார். செத்த பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தாங்க முடியவில்லை. அந்தச் சலிப்பும் 'கஷ்டம்' என்ற அதே சொல்லில்தான் உங்கள் காதில் விழுகிறது.

நீங்கள் எல்லோரும் கும்பிடும் மூல தெய்வத்திடமே போவோம். கோனாமி நிறுவனத்தின் கான்ட்ரா 1987-இல் காசு போட்டு ஆடும் எந்திரமாக வந்து, அடுத்த ஆண்டு வீட்டுக் கருவிக்கு வந்தது. முதல் ஆட்டக்காரர் நீலக் காற்சட்டை பில், இரண்டாமவர் சிவப்புக் காற்சட்டை லான்ஸ். நான் எந்தக் காற்சட்டை என்று சொல்லத் தேவையில்லை. தோட்டா ஒன்று பட்டால் ஓர் உயிர் போச்சு, கையில் இருப்பது மூன்றே உயிர். கடுமை என்றால் அப்படி ஒரு கடுமை. ஆனால் அதே ஆட்டத்தில், உங்களில் பலர் மறந்துவிட்ட ஒரு வழக்கம் இருந்தது. உயிர்கள் தீர்ந்துபோனவர், கூட்டாளியின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு உள்ளே வரலாம். அனுமதி கேட்பதெல்லாம் நாகரிகத்தைப் பொறுத்தது. நான் கேட்டதில்லை. "என் உயிரை எடுத்துவிட்டாயா?" என்று அண்ணன் அலறிய அலறலில் இருந்த நட்பு, இன்றைய ஆட்டங்களின் பளபளப்பான உயிர்ப்பிக்கும் அனிமேஷன் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவன் இழக்கிறான், நான் பெறுகிறேன். அதனால் அடுத்த நிமிடம் நான் எப்படி ஆடுகிறேன் என்பது அவனுக்கும் முக்கியமாகிவிடுகிறது.

முப்பது உயிர் தரும் அந்தப் புகழ்பெற்ற சங்கேதமும் இருக்கிறதே: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. அதைத் தந்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. கான்ட்ராவுக்கும் முன்னால், 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க வேண்டிய அவருக்கே ஆட்டம் கைக்கு அடங்காமல் போனதால் தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்குவழி அது. 2020-இல் அவர் மறைந்தபோது உலகமே அந்தப் பத்துப் பொத்தான்களை நினைவுகூர்ந்தது. கடினத்தின் கோயில் என்று நீங்கள் பூசிக்கும் இடத்தில், கட்டியவரே பின்வாசல் ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே போய்வந்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். முப்பது உயிரோடு ஆடியவர்களை அன்று யாரும் போலி ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. இன்று எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால் திரையிலேயே ஒரு கேலி வாசகம் வருகிறது சில ஆட்டங்களில். அது நகைச்சுவை என்று நினைத்து எழுதியவர் இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

காசு எந்திரங்களைப் பற்றி இன்னொன்று. அவற்றில் இரண்டாமவர் எந்த நொடியிலும் காசு போட்டு உள்ளே குதிக்கலாம். 1996-இல் வந்த மெட்டல் ஸ்லக்கில் செத்தால், கையில் உயிர் இருக்கும்வரை நின்ற இடத்திலேயே மறுபடி வந்து நிற்பீர்கள். உயிர் தீர்ந்தால் இன்னொரு காசு. அந்த எந்திரத்துக்கு இரண்டாமவர் மேல் அவ்வளவு கரிசனம். கரிசனம் என்ன கரிசனம், அவர் பையில் இருக்கும் காசின் மேல்தான். இருந்தாலும் விளைவு நல்லதாக இருந்தது: அவரை உட்காரவைத்தால் வருமானம் போகும், எனவே உட்காரவைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் காசு முன்கூட்டியே வாங்கப்பட்டுவிட்டது. இரண்டாமவர் ஆடினால் என்ன, வேடிக்கை பார்த்தால் என்ன? எந்திரத்தின் கடுமையை நீங்கள் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள், அதன் கரிசனத்தை வாசலிலேயே விட்டுவிட்டீர்கள்.

எல்லோரும் அப்படியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வந்த கப்ஹெட் ஆட்டத்தில் ஒருவர் செத்தால் அவருடைய ஆவி மெல்ல மேலே மிதந்து போகும். கூட்டாளி தாவி, சரியான நொடியில் அதைத் தட்டினால் ஆள் திரும்பிவிடுவார். அந்த ஆட்டம் கொடுமையான கடினம். நான் அதில் செத்ததுபோல் வேறெதிலும் செத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு சாவும் எங்கள் இருவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்தது. பாஸ் ஒரு பக்கம் நெருப்பை உமிழ, அண்ணன் என் ஆவியைத் துரத்திக்கொண்டு தாவ, "மேலே, இன்னும் மேலே" என்று நான் கத்த, அவன் என்னைக் காப்பாற்றப்போய் அவனே செத்துப்போவான். இப்போது அவன் ஆவியை நான் துரத்துவேன். ஒரு முறை இப்படியே மாறி மாறிச் செத்து, கடைசியில் இருவர் ஆவியும் அருகருகே மேலே போனதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். தோல்விதான். அண்ணன் கருத்து எழுதியிருந்தால் அதில் நிச்சயம் நான் இருந்திருப்பேன்.

2015-இல் வந்த புரோஃபோர்ஸ் வேறு வழியில் போனது. நான்கு பேர்வரை ஆடலாம், திரையில் உள்ள எல்லாமே இடிந்து விழும், யார் எதனால் செத்தார்கள் என்றே புரியாது. கூண்டில் அடைபட்ட கைதி ஒருவரை விடுவித்தால் இறந்த கூட்டாளி திரும்பிவிடுகிறார். எனவே உயிரோடிருப்பவர் முதலில் தேடுவது கூண்டைத்தான். செத்தவர் சும்மா இருப்பதில்லை; "அதோ கூண்டு, இடது பக்கம்" என்று கத்துவது அவர் வேலை.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆற்றாமை உண்டு.

பழைய பாணி ஆட்டங்களில் ஆயுதம் ஒரு சிறிய பெட்டியாகப் பறந்து வருகிறது. யார் தொடுகிறாரோ அவருக்கு. கான்ட்ராவில் 'எஸ்' என்ற எழுத்தைப் பார்த்தால் இருவருக்கும் கண் விரியும். ஐந்து தோட்டா விசிறியாகப் பாயும் துப்பாக்கி அது. செத்தால் துப்பாக்கி போய்விடும், பழைய வெறுந்துப்பாக்கிதான். நல்ல ஆட்டக்காரர் சாவதில்லை, எனவே அவரிடம் நல்ல துப்பாக்கி நிற்கிறது. சுமாரான ஆட்டக்காரர் சாகிறார், எனவே கேவலமான துப்பாக்கியோடு இன்னும் வேகமாகச் சாகிறார். கையில் உள்ளவனுக்கே மேலும் மேலும் சேர்வது வெளியுலகத்தில் போதாதா? தனியாக ஆடும்போது இந்தச் சுழல் ஒரு சவால், மறுபடி எழுந்து வந்தால் பெருமை. இருவர் ஆடும்போது அது ஒருவரை நாயகனாகவும் மற்றவரைச் சுமையாகவும் ஆக்கிவிடுகிறது.

இதற்கும் பழையவர்களே வழி காட்டியிருக்கிறார்கள். 1992-இல் வந்த மூன்றாம் கான்ட்ராவில் ஒருவர் இரண்டு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். செத்தால் கையில் இருப்பது மட்டும் போகும், முதுகில் இருப்பது தங்கும். சின்ன மாற்றம்தான், ஆனால் இனிச் சாகப்போகிறோம் என்று தெரிந்தவுடன் நல்ல துப்பாக்கியை முதுகுக்கு மாற்றிவிட்டு மட்டமானதைக் கையில் பிடித்துக்கொண்டு சாகும் தந்திரம் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது. அண்ணன் அதைக் கோழைத்தனம் என்பான். நான் அதைச் சேமிப்பு என்பேன். அடுத்த ஆண்டே வந்த கன்ஸ்டார் ஹீரோஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஓரடியில் சாவு இல்லை. எண்ணால் காட்டப்படும் உயிர்ச்சக்தி இருந்தது. நின்று எல்லாப் பக்கமும் சுடுவதா, ஓடிக்கொண்டே சுடுவதா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். அண்ணன் ஒன்று, நான் ஒன்று. ஒரே திரையில் இரு வேறு ஆட்டம்.

தனித்தனியே என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆட்டங்களில் எளிது, நடுத்தரம், கடினம் என்று கேட்கிறீர்கள், ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கு ஒன்றுதான். அண்ணனுக்குக் கடினம் வேண்டும். எனக்கு மூன்று அடி தாங்கும் உடம்பு வேண்டும். இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும், அது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 2024-இல் வந்த கான்ட்ரா ஆபரேஷன் கலூகாவில் ஓரடிச் சாவா, சில அடி தாங்குவதா என்று ஆட்டக்காரர்களிடமே விட்டார்கள். 1994-இல் வந்த கான்ட்ரா ஹார்ட் கோரின் ஜப்பானியப் பதிப்பில் மூன்று அடி தாங்கலாம், அதே ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்பிலோ ஓரடியிலேயே சாவு. ஆக, 'ஓரடிச் சாவுதான் அசல் மரபு' என்று கருத்துப் பெட்டியில் முழங்குபவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மரபு சந்தைக்குத் தக்கபடி வளைந்த ஒன்றுதான். இருவருக்கும் வேறு வேறு உடம்பு கொடுப்பதால் எந்த வானமும் இடிந்துவிடாது. அண்ணனுக்கு ஓரடி, எனக்கு மூன்றடி. மதிப்பெண் பட்டியலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஓவியத்தைப் பற்றிப் பாராட்டு மழை ஏற்கெனவே பொழிகிறது, நான் தனியாக நனைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம். அந்தக் கால நின்டெண்டோ கருவியில் ஒரு கிடைவரிசையில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. மீறினால் உருவங்கள் மினுங்கும். அந்த வறுமைக்கு ஒரு நன்மை இருந்தது. திரையில் கொஞ்சம்தான் இருக்கும், அந்தக் கொஞ்சமும் தெளிவாக இருக்கும். உங்களுக்கு அந்த வறுமை இல்லை. வெடிப்பு ஒவ்வொன்றும் பூவாய் விரிகிறது, பொறிகள் பறக்கின்றன, புகை எழுகிறது, திரை குலுங்குகிறது, புகையின் நிறத்திலேயே எதிரியின் தோட்டாவும் வருகிறது. முதல் ஆட்டக்காரர் தன் ஆளை மட்டும் பார்த்தால் போதும். நான் முதலில் என் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நீங்கள் கொடுத்த வேறுபாடு, ஒருவர் தலைப்பட்டி பச்சை, மற்றவர் தலைப்பட்டி நீலப்பச்சை. அரை நிமிடம் அண்ணனின் ஆளை என்னுடையது என்று நினைத்துக்கொண்டு பொத்தான் அழுத்தியிருக்கிறேன். "பார், எவ்வளவு நன்றாக ஆடுகிறேன்" என்றுகூடச் சொன்னேன். வெட்கம்.

இணையம் வழியாக ஆடுவதிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு வேடத்தில். இந்த வகை ஆட்டங்கள் நொடிக்கு அறுபது படம் ஓடுபவை. ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. ஆட்டம் அண்ணன் கணினியில் ஓடி, அதன் படம் மட்டும் காணொளியாக என் திரைக்கு வரும்போது, தாமதம் முழுவதும் என் தலையில். அவனுக்குத் தோட்டா வருவது தெரியும்போது எனக்கு அது இன்னும் துப்பாக்கிக்குள் இருக்கிறது. நான் தாவும் பொத்தானை அழுத்தி, அது அங்கே போய்ச் சேர்வதற்குள் என் ஆள் செத்துக்கிடப்பான். ஒருவரோடு ஒருவர் மோதும் சண்டை வகை ஆட்டங்களை ஆடுபவர்கள் இந்தச் சிக்கலோடு நெடுநாள் மல்லுக்கட்டி ஒரு தீர்வு கண்டார்கள். 2006-இல் டோனி கேனன் கொண்டுவந்த ஜிஜிபிஓ என்ற மென்பொருள், எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓடவிட்டு, ஊகம் தவறினால் சில படங்கள் பின்னே சுருட்டித் திருத்திக்கொள்ளும். 2019-இல் அதன் மூல நிரலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தும்விட்டார்கள். சிறிய குழுவுக்கு அதைப் பொருத்துவது எளிய வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆட்டத்தை முதல் நாளிலிருந்தே அதற்கேற்பக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வேன். 'ஆன்லைனிலும் இருவர் ஆடலாம்' என்று அட்டையில் எழுதிவிட்டு, ஒருவரை மட்டும் தண்ணீருக்கடியில் ஓடவைக்காதீர்கள்.

நீளத்தைப் பற்றிய புகாரில் நான் உங்கள் கட்சி. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது என்று திட்டுகிறார்கள். இந்த வகை ஆட்டம் அவ்வளவுதான் இருக்க வேண்டும். மெட்டல் ஸ்லக் ஆறே கட்டம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பதே அரிது. கிடைத்த அந்த ஒரு மாலையில் தொடங்கி, அதே மாலையில் கடைசி பாஸ் வெடித்துச் சிதறுவதைப் பார்த்துவிட்டு எழுந்தால்தான் நிறைவு. ஆனால் ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்ற விதி இருப்பதால், முழு ஆட்டத்தையும் முடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போக முடிகிறது. அந்தப் பயத்தில் சிலர் ஆட்டத்தை இழுக்கிறீர்கள்: அதே அறையை மூன்று முறை சுற்றவைக்கிறீர்கள், பாஸின் உயிரை இரட்டிப்பாக்குகிறீர்கள், செக்பாயின்ட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறீர்கள். அந்தத் தள்ளிவைத்த தூரம் முழுவதும் நான் மண்டையோடாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆட்டத்தைச் சோதிக்க ஆட்களைக் கூப்பிடும்போது இருவராகக் கூப்பிடுங்கள். ஒருவர் உங்கள் ரசிகராக இருக்கட்டும். மற்றவர், அவர் கையைப் பிடித்து இழுத்துவந்த ஆளாக இருக்கட்டும். ஆட்டம் நடக்கும்போது திரையைப் பார்க்காமல் அந்த இரண்டாவது ஆளின் கையைப் பாருங்கள். கன்ட்ரோலரை அவர் எப்போது மடியில் வைக்கிறார், கைப்பேசியை எப்போது எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவரிடம் முதலில் கேளுங்கள், ரசிகரிடம் பிறகு கேட்கலாம். ரசிகர் எப்படியும் எழுதிவிடுவார்.

இந்த மடலை அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்ப் பழைய கான்ட்ராவைப் போட்டு, முதல் கன்ட்ரோலரை என் கையில் வைத்தான். இத்தனை ஆண்டில் முதன்முறையாக நான் நீலக் காற்சட்டை.

மூன்றாம் கட்டத்தை உங்களில் ஆடாதவர் இருக்க மாட்டீர்கள். அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே போக வேண்டும். முன்னால் போகிறவர் ஏற ஏறத் திரை மேலே நகரும், பின்னால் இருப்பவரின் காலடிப் பாறை திரைக்குக் கீழே மறைந்தால் அவர் கதை முடிந்தது. அந்த அருவியில் நான் விழுந்த கணக்கு எனக்கே தெரியாது. அன்று நான் முன்னால் போனேன். மேலே ஒரு பெட்டி பறந்து வந்தது, அதில் எழுத்து 'எஸ்'. தாவினேன், இன்னொரு பாறை, இன்னொன்று. கையில் விசிறித் துப்பாக்கி, காதில் அந்த இசை, திரையில் நான் மட்டும்.

"கொஞ்சம் நில்லேன்" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. அதற்குள் அவன் விழுந்திருந்தான்.

இப்படிக்கு,
பிளேயர் 2